அலாரம் அடிச்சாலும் யாருக்கும் தெரியாதா? பெரிய கட்டடங்களின் டயல்-அப் இணைப்பு... செட் பண்ணுவது எப்படி, இப்போ என்ன சிக்கல்?

அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு தனது டயல்-அப் இன்டர்நெட் சேவையை நிறுத்தியது. அந்தச் செய்தி வந்தபோது, "டயல்-அப் எல்லாம் இன்னுமா இருக்கு?" என்றுதான் பலரும் நினைத்திருப்போம்.

வீடுகளில் அது போய் ரொம்ப நாளாச்சு. ஆனால் பெரிய கட்டடங்களின் மெஷின் ரூம் கதை வேற. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் கட்டிய ஆபீஸ்கள், பள்ளிகள், குளிர்பதனக் கிடங்குகளில் ஏசியைக் கவனிக்கும் கண்ட்ரோலர்களோடு சின்னதாக ஒரு மோடமும் வைத்தார்கள். அதில் சில இன்னும் கழற்றப்படாமலேயே இருக்கின்றன. ஏதாவது கோளாறு என்றால் லேண்ட்லைனில் டயல் பண்ணி ஆட்களைக் கூப்பிடுவது அதோட வேலை.

இப்போது அந்த லேண்ட்லைன்களே ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. அப்போ அந்த கண்ட்ரோலர் யாரைக் கூப்பிடும்? இந்த இணைப்பை எப்படி செட் பண்ணினார்கள்? இதில் என்ன ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கட்டடத்துக்கு எதுக்கு கண்ட்ரோலர்?

ஒரு பெரிய ஆஸ்பத்திரியையோ மாலையோ எடுத்துக்கோங்க. அங்கே ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், காற்றைத் தள்ளும் ராட்சத ஃபேன்கள், தண்ணீர் பம்புகள், ஜெனரேட்டர், விளக்குகள் என ஏகப்பட்ட மெஷின்கள் ஓடும். எல்லாவற்றையும் ஆள் வைத்து ஆன், ஆஃப் பண்ண முடியாது.

அந்த வேலையைப் பார்ப்பதுதான் பில்டிங் ஆட்டோமேஷன் கண்ட்ரோலர். சென்சார்களிடம் இருந்து வெப்பநிலை, அழுத்தம், தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் வாங்கி, எந்த மெஷின் எவ்வளவு ஓடணும் என்று அதுவே முடிவு பண்ணும். அளவு எல்லை மீறினால் அலாரம் கொடுக்கும்.

ஒவ்வொரு கம்பெனியின் கண்ட்ரோலரும் ஒவ்வொரு பாஷை பேசிக்கொண்டிருந்த காலத்தில், பொதுவான ஒரு விதிமுறையாக 1995-ல் 'பேக்நெட்' வந்தது. அமெரிக்காவின் 'ஆஷ்ரே' என்ற ஏசி, குளிர்பதனப் பொறியாளர்கள் சங்கம் இதை வெளியிட்டது. டெலிபோன் லைன் வழியாக இரண்டு கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்வதற்கும் அதில் தனியாக ஒரு பிரிவு உண்டு. அந்த அளவுக்கு அன்றைக்கு மோடம் முக்கியம்.

டெலிபோன் லைன் எதுக்கு?

காரணம் ரொம்ப சிம்பிள். அலாரம் அடிக்கும்போது அதைக் கேட்க ஆள் வேணும். ராத்திரி 2 மணிக்கு, ஞாயிற்றுக்கிழமையில், பூட்டிக் கிடக்கும் பள்ளியில் யார் இருப்பார்கள்?

அப்போது எல்லாக் கட்டடத்திலும் பிராட்பேண்ட் கிடையாது. லேண்ட்லைன் மட்டும் எங்கேயும் இருந்தது. அதனால் மோடம் மூன்று விதமாகப் பயன்பட்டது.

ஒன்று, கண்ட்ரோலரே வெளியே டயல் பண்ணுவது. கோளாறு வந்தால் பராமரிப்பு கம்பெனியின் நம்பருக்குப் போன் போட்டு அலாரத்தை ஒப்படைக்கும்.

இரண்டு, வெளியிலிருந்து உள்ளே டயல் பண்ணுவது. இன்ஜினியர் தன் ஆபீசில் இருந்தே கட்டடத்தின் நம்பருக்கு டயல் பண்ணி, உள்ளே போய் பார்த்து செட்டிங்கை மாற்றலாம். 100 கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டியதில்லை.

மூன்று, இன்டர்நெட் நிறுவனத்துக்கு டயல் பண்ணுவது. நம்ம ஊரில் 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் இன்டர்நெட் சேவையைத் தொடங்கியபோது வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்த அதே வேலைதான். கண்ட்ரோலர் நெட்டில் நுழைந்து, அலாரத்தை இ-மெயிலாக அனுப்பிவிட்டு லைனைக் கட் பண்ணிவிடும்.

அமெரிக்காவின் ட்ரைடியம் நிறுவனத்தின் 'ஜேஸ்' போன்ற பிரபலமான கண்ட்ரோலர்களில் மோடத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருந்தது இதனால்தான்.

செட் பண்ணுவது எப்படி? 7 படிகள்

கம்பெனிக்குக் கம்பெனி ஸ்கிரீன் மாறும். ஆனால் அடிப்படை ஒன்றுதான்.

1. சரியான லைன்

மோடத்துக்குச் சாதாரண அனலாக் லைன் வேண்டும். ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் போன்கள் பலவும் டிஜிட்டல் லைனில் ஓடுபவை. பார்க்க அதே சாக்கெட் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் அனலாக் மோடத்தைச் செருகினால் மோடமே எரிந்துபோகலாம். ஃபேக்ஸ் மெஷினோடு லைனைப் பங்கு போட்டாலும் வம்புதான். அலாரம் போகும் நேரத்தில் ஃபேக்ஸ் வந்துகொண்டிருந்தால் லைன் பிஸி.

2. போர்ட்டும் வேகமும்

கண்ட்ரோலரின் எந்த சீரியல் போர்ட்டில் மோடம் இருக்கிறது, அதோடு என்ன வேகத்தில் பேசணும் என்று சொல்ல வேண்டும். மோடம் 56 ஆயிரம் பிட் வேகம் என்றாலும், போர்ட்டின் வேகத்தை 1,15,200 என்று வைப்பது வழக்கம். மோடம் தரவைச் சுருக்கி அனுப்புவதால், கண்ட்ரோலர் பக்கம் வேகம் கூடுதலாக இருந்தால்தான் லைனை முழுசாகப் பயன்படுத்த முடியும்.

3. மோடத்துக்கான கட்டளைகள்

இந்தக் கட்டளைகள் 1981-ல் ஹேயஸ் நிறுவனத்தின் 'ஸ்மார்ட்மோடம்' மூலம் வந்தவை. எல்லாமே 'ஏ.டி.' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். 'கவனி' என்று அர்த்தம் தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. 'ஏ.டி. இசட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்பு. 'ஏ.டி. டி.டி.' என்றால் டோன் முறையில் டயல் செய். 'ஏ.டி. எஸ்0=1' என்றால் முதல் ரிங்கிலேயே போனை எடு. வெளியே மட்டும் கூப்பிடும் கண்ட்ரோலருக்கு அந்த 1-க்குப் பதில் 0 போட வேண்டும். அப்போது அது யார் கூப்பிட்டாலும் எடுக்காது. இந்த ஒற்றை எண் எவ்வளவு முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறோம்.

4. டயல் நம்பர்

ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் வழியாக வெளியே போக 9 அழுத்தணும் என்றால், நம்பருக்கு முன்னால் 9 போட்டு ஒரு கமா வைக்க வேண்டும். கமா என்றால் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். பெரும்பாலான மோடம்களில் அது 2 விநாடி. இந்தக் கமாவை விட்டுவிட்டால், வெளி லைன் கிடைப்பதற்கு முன்பே நம்பரை அடித்துவிடும். கால் போகாது. அமெரிக்காவில் கால் வெயிட்டிங் இருக்கும் லைன் என்றால் *70 என்பதையும் முன்னால் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் நடுவில் வேறொரு கால் வரும் 'பீப்' சத்தமே இணைப்பை உடைத்துவிடும்.

5. யூசர்நேம், பாஸ்வேர்ட்

இரண்டு மோடங்களும் 'கொர்ர்ர்' என்று பேசி முடித்ததும், பிபிபி என்ற முறையில் உள்ளே நுழைய வேண்டும். இதில் அடையாளம் காட்ட இரண்டு வழி உண்டு. 'பாப்' முறையில் பாஸ்வேர்ட் அப்படியே லைனில் போகும். 'சாப்' முறையில் பாஸ்வேர்ட் போகாது. எதிர்முனை ஒரு புதிர் அனுப்பும், பாஸ்வேர்டை வைத்து விடையை மட்டும் கண்ட்ரோலர் திருப்பி அனுப்பும். இரண்டில் 'சாப்' மேல்.

6. எந்த வழியாகப் போகணும்?

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கண்ட்ரோலருக்குக் கட்டடத்துக்குள் ஒரு நெட்வொர்க் கேபிள் இருக்கும், வெளியே ஒரு டெலிபோன் லைன் இருக்கும். அதாவது வீட்டுக்கு இரண்டு வாசல். வெளியே போகும் தரவுக்கு எந்த வாசல் என்பதை 'டிஃபால்ட் கேட்வே' என்ற செட்டிங்தான் சொல்லும். அது உள் நெட்வொர்க்கையே காட்டிக்கொண்டிருந்தால், டயல் ஆகும், கனெக்ட் ஆகும், ஆனால் இ-மெயில் மட்டும் போகாது. மோடத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

7. எப்போ கட் பண்ணணும், எத்தனை தடவை முயற்சி?

இத்தனை நிமிஷம் எந்தத் தரவும் போகாவிட்டால் லைனைக் கட் பண்ணு என்று சொல்லி வைக்க வேண்டும். இதிலும் ஒரு பிரச்சினை உண்டு. கண்ட்ரோலர் நேரம் சரிபார்க்கவோ வேறு கருவிகளைத் தேடவோ சும்மா சும்மா ஒரு சின்னத் தகவலை அனுப்பிக்கொண்டே இருந்தால், லைன் 'சும்மா இருக்கும்' நேரமே வராது. கால் மணிக்கணக்கில் ஓடும், பில் எகிறும். அதேபோல் லைன் பிஸி என்றால் எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளியில் திரும்ப டயல் பண்ணணும் என்பதையும் சொல்லணும். இரண்டாவது நம்பர் ஒன்றும் கொடுத்து வைப்பது நல்லது.

வேகம் போதுமா?

56 ஆயிரம் பிட் மோடம் என்றாலும் அந்த வேகம் ஒரு திசையில்தான். இன்டர்நெட் நிறுவனத்திடம் இருந்து நமக்கு வரும்போது மட்டும் அது கிடைக்கும். நாம் அனுப்பும்போதும், இரண்டு சாதாரண மோடங்கள் நேருக்கு நேர் பேசும்போதும் அதிகபட்சம் விநாடிக்கு 33,600 பிட் என்பதே வழக்கம்.

ஒரு அலாரத் தகவல் 300 எழுத்து என்று வைத்துக்கொண்டால் 2,400 பிட். விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. டயல் பண்ணி, கைகுலுக்கி, உள்ளே நுழையத்தான் அரை நிமிஷம் வரை ஆகும். ஆக, அலாரத்துக்கு இந்த வேகம் தாராளம்.

ஆனால் 1 எம்பி ஃபைல் என்றால் 80 லட்சம் பிட். அதை அனுப்ப சுமார் 4 நிமிஷம். 10 எம்பி என்றால் 40 நிமிஷம். இன்றைக்கு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டை இதில் அனுப்புவது நடக்காத காரியம். அதனால் டயல்-அப்பை மட்டும் நம்பி இருக்கும் கண்ட்ரோலர்கள் அப்டேட் பார்க்காமலேயே கிடக்கும் வாய்ப்பு அதிகம்.

போன் நம்பர்தானே, யாருக்குத் தெரியப் போகுது?

1983-ல் வெளியான 'வார் கேம்ஸ்' ஹாலிவுட் படத்தில் ஒரு பள்ளி மாணவன், கம்ப்யூட்டரை வைத்து ஒரு ஊரின் நம்பர்களை வரிசையாக டயல் பண்ணி, எங்கே மோடம் எடுக்கிறது என்று தேடுவான். இந்த வேலைக்கு 'வார் டயலிங்' என்ற பெயர் வந்ததே அந்தப் படத்தால்தான். 2009-ல் ஹெச்.டி. மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்ட 'வார்வாக்ஸ்' என்ற கருவி, மோடமே இல்லாமல் இன்டர்நெட் போன் வழியாக இதைச் செய்யும்.

அதாவது நம்பரை யாரிடமும் சொல்லவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது. முதல் ரிங்கிலேயே எடுக்கும் மோடம், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையே மாற்றாத கண்ட்ரோலர், இரண்டும் சேர்ந்தால் கட்டடத்தின் சில்லரை வெளியாள் ஒருவர் நிறுத்தலாம். மேலே சொன்ன அந்த 0, 1 விஷயம் முக்கியமாவது இங்கேதான். பேக்நெட்டுக்கே சான்றிதழோடு கூடிய பாதுகாப்பான வடிவம் 2019-ல்தான் சேர்ந்தது.

இதற்கு அப்போதே ஒரு நல்ல தீர்வு இருந்தது. அதன் பெயர் கால்பேக். யார் கூப்பிட்டாலும் மோடம் லைனைக் கட் பண்ணிவிட்டு, ஏற்கெனவே பதிந்து வைத்த நம்பருக்குத் தானே திரும்பக் கூப்பிடும். திருடன் கூப்பிட்டால் இன்ஜினியர் ஆபீசில்தான் மணி அடிக்கும்.

டயல்-அப்புக்கு ஒரு நல்ல பக்கமும் இருந்தது என்பதைச் சொல்லியாகணும். அது ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேராமல் தனியாக இருந்தது. இன்டர்நெட்டுக்கு மாறியதும் அந்தத் தடுப்பு போனது. 2013-ல் சிட்னியில் உள்ள கூகுள் அலுவலகத்தின் கட்டட நிர்வாக அமைப்புக்குள் இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் இன்டர்நெட் வழியாகவே நுழைந்து காட்டினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடு போனது. அங்கே ஏசி அமைப்பு ஹேக் ஆகவில்லை. ஆனால் குளிர்பதன ஒப்பந்ததாரர் ஒருவருக்குக் கொடுத்திருந்த லாகின்தான் திருடர்களுக்கு வாசலாக அமைந்தது.

லைன் டிஜிட்டல் ஆனால் மோடத்துக்கு என்ன?

பிரிட்டனில் பழைய டெலிபோன் நெட்வொர்க் முழுவதையும் மூடும் வேலை நடக்கிறது. 2023 செப்டம்பரில் இருந்து புதிய பழைய-பாணி லைன்கள் விற்பனையே இல்லை. 2025 டிசம்பர் என்று இருந்த கடைசித் தேதி, இப்போது 2027 ஜனவரி 31 என்று மாறியிருக்கிறது.

புதிய லைனில் குரல், சின்னச் சின்னப் பாக்கெட்டாக மாறி இன்டர்நெட் வழியாகப் போகும். நாம் பேசும்போது ஒரு பாக்கெட் காணாமல் போனால், காதுக்குப் பெரிசாகத் தெரியாது. மோடத்துக்கோ ஒவ்வொரு பிட்டும் முக்கியம். குரலுக்காகச் செய்யும் சுருக்கம், பாக்கெட் தாமதம், இரண்டுமே மோடத்தின் சத்தத்தைக் கெடுத்துவிடும். போன் பேச நன்றாக இருக்கும் லைனில் மோடம் கனெக்ட் ஆகாமல் போவது இதனால்தான்.

கரண்ட் விஷயமும் இருக்கிறது. காப்பர் லைனுக்குச் சுமார் 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். கட்டடத்தில் கரண்ட் போனாலும் லைன் உயிரோடு இருக்கும். ஃபைபர் இணைப்பில் அந்தப் பெட்டிக்கே கரண்ட் வேணும். கரண்ட் போனதைச் சொல்ல வேண்டிய அலாரம், கரண்ட் போனதாலேயே ஊமையாகிவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பிரிட்டனில் முதியவர்கள் வீட்டில் வைத்திருக்கும் அவசர உதவி பட்டன் கருவிகளும் இதே லைனில்தான் ஓடுகின்றன. சுமார் 18 லட்சம் பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள். லைன் மாற்றிய பிறகு அவசரத்துக்குப் பட்டனை அழுத்தியும் கருவி வேலை செய்யாத சம்பவங்கள் நடந்தன. அதன் பிறகு 2023 டிசம்பரில் அரசு தலையிட்டு, வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் லைன் மாற்றுவதை நிறுத்தி வைக்கும்படி டெலிகாம் நிறுவனங்களை ஒப்புக்கொள்ள வைத்தது.

கட்டடத்துக்கு அப்படிப் பட்டன் அழுத்த ஆள்கூட இல்லை.

அப்போ மாற்று என்ன?

சிம் கார்டு போட்ட ரவுட்டர் ஒரு வழி. மோடம் இருந்த இடத்தில் இதை வைக்கலாம். பொது இன்டர்நெட்டில் காட்டாமல், விபிஎன் என்ற மறைவான பாதையில் மட்டும் வைப்பது அவசியம். கட்டடத்தின் நெட்வொர்க்கிலேயே ஆபீஸ் கம்ப்யூட்டர்களோடு கலக்காமல் தனியாக ஒரு பகுதி ஒதுக்கித் தருவது இன்னொரு வழி.

பழைய மோடத்தை அப்படியே வைத்துவிட்டு, நடுவில் ஒரு அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாமா? சில இடங்களில் ஓடும், சில இடங்களில் ஓடாது. இன்றைக்கு ஓடி நாளைக்கு நிற்கவும் செய்யும். அலாரத்துக்கு இதை நம்புவது சரியில்லை.

சிம் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் லேண்ட்லைனை விட்டு 3ஜி-க்கு மாறியவர்களுக்கு அடுத்த தலைவலி வந்தது. 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி தனது 3ஜி-யை மூடியது. அந்த ஆண்டின் முடிவில் வெரைசனும் மூடியது. ஒரு சில்லர் 20 வருஷத்துக்கு மேல் ஓடும். ஒரு மொபைல் தலைமுறை அவ்வளவு காலம் தாங்குமா என்பதைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கணும்.

நமக்கு என்ன?

சென்னை ஓஎம்ஆர் ஐ.டி. பார்க்குகள், மால்கள், பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் இந்த கண்ட்ரோலர்கள் உண்டு. பெரும்பாலும் பிராட்பேண்ட் காலத்தில் வந்தவை என்பதால் டயல்-அப் இங்கே அபூர்வம். ஆனால் நீங்க ஒரு அப்பார்ட்மென்ட் சங்கத்திலோ, ஆஸ்பத்திரி, குளிர்பதனக் கிடங்கு நிர்வாகத்திலோ இருந்தால், கண்ட்ரோலரைப் பராமரிக்கும் கம்பெனியிடம் இந்த 5 கேள்விகளைக் கேட்டுப் பாருங்க.

* அலாரம் எந்த வழியாக வெளியே போகுது? லேண்ட்லைனா, சிம்மா, பிராட்பேண்டா?
* அந்த லைனுக்கு, சிம்முக்கு யார் பணம் கட்டுறாங்க? பில் நின்றால் யாருக்குத் தெரியும்?
* கரண்ட் போனால் அந்த மோடம் அல்லது ரவுட்டருக்கு பேட்டரி இருக்கா?
* கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாத்தியாச்சா? வேலையை விட்டுப் போனவங்க லாகின் இன்னும் இருக்கா?
* கடைசியாக டெஸ்ட் அலாரம் அனுப்பிப் பார்த்தது எப்போ?

இதில் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். பங்க்சர் ஆன டயர் உடனே தெரியும். செத்துப்போன அலாரம் லைன் அப்படித் தெரியாது. எல்லாம் நல்லபடியாக ஓடும்போதும் போன் வராது, லைன் கட்டானாலும் போன் வராது. இரண்டு அமைதியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால்தான் விவரம் தெரிந்த இன்ஜினியர்கள், கண்ட்ரோலர் தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் "நான் நலம்" என்று ஒரு தகவல் அனுப்பும்படி செட் பண்ணி வைப்பார்கள். அந்தத் தகவல் ஒரு நாள் வரவில்லை என்றால் அதுவே அலாரம். டயல்-அப் காலத்துப் பழக்கம் இது. லைன் எதுவாக மாறினாலும் இதை மட்டும் விட்டுவிடக் கூடாது.